பாலைவன நகரில் குடியேறலாமா? – ஒரு வரலாற்றுப் பார்வை



இவ்வாண்டின் அறிக்கை மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு நிர்வாகிகள் கேட்டுக்கொண்டனர். எதை எழுதுவது என்று சிந்தித்துக்கொண்டிருந்த நாட்களில், அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து அமர்ந்தார். வளைகுடா நாடொன்றில் மூன்றாண்டுகளாகப் பணிபுரிந்துவிட்டு விடுமுறையில் வந்திருப்பவர். "ஹஜ்ரத், இந்த முறை வீட்டாரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கேயே போய்விடலாமா என்று நினைக்கிறேன். அத்தாவுக்கு மனமில்லை. ஊரில் உள்ள காணியை விற்றால்தான் அங்கே வீடு பிடித்து நிற்க முடியும். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. இக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி, பெரியகுளம் என நம் பகுதியின் ஒவ்வோர் ஊரிலும் ஏதேனும் ஒரு வீட்டுத் திண்ணையில் இன்று பேசப்படும் கேள்வியே இது. இதற்கு முன் இக்கேள்வியைச் சந்தித்தவர்கள் என்ன செய்தார்கள், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை வரலாற்றில் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தண்ணீரும் நிபந்தனையும்

வெப்பம் மிகுந்த ஒரு பாலை நிலத்தில் குடியேறலாமா என்று முதன்முதலில் ஆலோசித்தவர்களாக நம் நூல்களில் காணப்படுவோர் ஜுர்ஹும் குலத்தார் ஆவர். இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் துணைவியார் ஹாஜர் அம்மையாரையும் பச்சிளம் பாலகர் இஸ்மாயீல் (அலை) அவர்களையும் பயிர் விளையாத பள்ளத்தாக்கொன்றில் விட்டுச் சென்றதையும், அங்கே ஜம்ஜம் ஊற்றுத் தோன்றியதையும் நாம் அனைவரும் அறிவோம். அதன் பின் நடந்ததை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

அவ்வழியே பயணம் செய்த ஜுர்ஹும் குலத்தார், தொலைவில் பறவையொன்று வட்டமிடுவதைக் கண்டனர். அது தண்ணீரைச் சுற்றும் பறவை என்பதை அறிந்திருந்த அவர்கள், தண்ணீரே இல்லாத இப்பள்ளத்தாக்கில் இது எவ்வாறு என்று வியந்து, ஆளனுப்பிப் பார்த்தனர். ஊற்றருகே ஹாஜர் அம்மையார் இருந்தார். தாங்கள் இங்குத் தங்கிக்கொள்ளலாமா என்று அவரிடம் அனுமதி வேண்டினர். அம்மையார் அனுமதித்தார், ஆயினும் தண்ணீரில் அவர்களுக்கு உரிமை எதுவும் இல்லை என்பதை நிபந்தனையாக விதித்தார். அவர்களும் அதை ஒப்புக்கொண்டனர். அதன் பிறகே தங்கள் குடும்பத்தாருக்குச் சொல்லியனுப்பி அவர்களை வரவழைத்தனர். ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்றுள்ள இந்நிகழ்விலிருந்துதான் மக்கா என்னும் நகரின் குடியிருப்பு வரலாறு தொடங்குகிறது.

இதில் உள்ள ஒழுங்கை நாம் கவனிக்க வேண்டும். முதலில் தண்ணீர் உண்டா என்று ஆளனுப்பி உறுதி செய்துகொண்டனர். அடுத்து, தங்குவதற்கான நிபந்தனையை வாய்மொழியாகத் தெளிவுபடுத்திக்கொண்டனர். மூன்றாவதாகவே குடும்பத்தை அழைத்தனர். குடிக்கலாம், தங்கலாம், ஆனால் கிணற்றில் உரிமை இல்லை என்பதை அறிந்தே குடியேறினர். இன்று வளைகுடா நகரங்களுக்குச் செல்லும் நம் மக்களின் நிலையும் ஏறத்தாழ இதுவேதான். இதை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

மதீனாவின் காய்ச்சலும் கூஃபாவின் தேர்வும்

மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் சென்ற ஸஹாபாக்களுக்கு அந்நகரின் தட்பவெப்பம் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். காய்ச்சல் சற்றுத் தணியும்போதெல்லாம் பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் புல்லையும் நீர்நிலையையும் மலைகளையும் நினைத்து ஏங்கிப் பாடியதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அதே மக்காவில்தான் அவர் சுடுமணலில் கிடத்தப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டார். துன்புறுத்திய ஊரே ஆயினும் ஊர் நினைவு மனிதனை விடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. நபி (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் குறை கூறவில்லை. மதீனாவையும் மக்காவைப் போல் தங்களுக்குப் பிரியமானதாக ஆக்குமாறும், அதை உடல்நலத்திற்கு உகந்ததாக ஆக்குமாறும் துஆ செய்தார்கள்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் இராக்கின் மதாயின் நகரைக் கைப்பற்றிய படையினர் அங்கேயே தங்கினர். சில காலம் கழித்து அவர்களுள் சிலர் மதீனா வந்தபோது, அவர்களுடைய மேனி வெளிறி உடல் மெலிந்திருப்பதைக் கண்டு உமர் (ரலி) காரணம் கேட்டார்கள். அவ்வூரின் தட்பவெப்பமே காரணம் என்று பதில் வந்தது. அரபுகளின் ஒட்டகங்களுக்கு ஒத்துவரும் நிலமே அரபுகளுக்கும் ஒத்துவரும் என்று கூறி, ஏற்ற இடத்தைத் தேடுமாறு உமர் (ரலி) உத்தரவிட்டார்கள். ஸல்மான் ஃபார்ஸீ (ரலி), ஹுதைஃபா (ரலி) ஆகியோர் இடம் தேடிச் சென்றனர். இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டதே கூஃபா நகரம். ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 638இல் அது உருவாயிற்று. கிஸ்ராவின் அரண்மனைகள் நிறைந்த மதாயினை விட்டுவிட்டு, உடலுக்கு ஏற்ற வெறும் மணல் திடலைத் தேர்ந்தெடுத்தனர் என்பதே இதில் நாம் காண வேண்டியது. குடியேறும் இடத்தின் செல்வத்தை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை; அங்கு வாழப்போகும் உடலையும் பார்த்தனர்.

இன்னொரு செய்தியும் உண்டு. இரவில் நகரைச் சுற்றி வந்த உமர் (ரலி) அவர்கள், போர்முனைக்குச் சென்ற கணவரின் பிரிவைத் தாங்காத ஒரு பெண்ணின் புலம்பலைக் கேட்டார்கள். கணவரைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருக்க இயலும் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, அதன்படி படைவீரர்களுக்குக் கால வரம்பு விதித்தார்கள். அவ்வரம்பு நான்கு மாதங்கள் என்றும் ஆறு மாதங்கள் என்றும் அறிவிப்புகள் உள்ளன. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் வருவதை இயல்பென்று பழகிவிட்ட நாம், இந்த வரம்பை நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நம் பள்ளத்தாக்கின் கதை

அரபு மண்ணிலிருந்து நம் மண்ணுக்கு வருவோம். நாம் வாழும் இப்பள்ளத்தாக்கும் ஒரு காலத்தில் மழையை மட்டுமே நம்பியிருந்த நிலம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பால் பெருமழை பெய்து அரபிக் கடலுக்கு ஓடும். இப்பால் நாம் வானத்தைப் பார்த்திருப்போம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். அதற்குப் பின்னரே பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனை உயிர்பெற்றது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கர்னல் ஜான் பென்னிகுயிக் தலைமையில் பணிகள் நடைபெற்று, 1895 அக்டோபரில் அணை திறந்து வைக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்த அந்நீரால்தான் இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைப்போர் இன்றும் இருப்பதற்குக் காரணம் இதுவேயாகும்.

நீர் வந்தது; ஆனால் எல்லோருக்கும் நிலம் வரவில்லை. நிலமற்றோரும் சிறு வியாபாரிகளும் பிழைப்புத் தேடிப் புறப்பட்டனர். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே ஏலத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் பலர். அது மலையேறிப் போய் வாரக் கடைசியில் இறங்கி வரும் பயணம். மாகாணத்தின் பிற பகுதி மக்களோ கடல் கடந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் சென்றனர்.

அவர்களுக்கு நேர்ந்தது என்ன? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை பர்மாவில் நுழைந்தபோது, 1942இல் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து கால்நடையாகவே தாயகம் நோக்கி வந்தனர். வழியில் மடிந்தோர் ஏராளம். போருக்குப் பின் மீண்டும் அங்குச் சென்றவர்களையும் 1962இல் ஏற்பட்ட இராணுவ ஆட்சி விட்டுவைக்கவில்லை. கடைகள் அரசுடைமையாயின. 1964இல் பெரிய மதிப்புள்ள பணத்தாள்கள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் வாழ்ந்தவர்கள் கையிலகப்பட்டதோடு கப்பலேறினர். சென்னைக் கடற்கரைச் சாலையில் உள்ள பர்மா பஜார் அவ்வாறு திரும்பியவர்களின் பிழைப்புக்காக ஏற்பட்டதே. அவர்களுள் ஊரில் ஒரு வீடோ ஒரு துண்டு நிலமோ வைத்திருந்தவர்கள் விரைவில் எழுந்து நின்றனர். அனைத்தையும் விற்றுவிட்டுச் சென்றவர்கள் அகதிகளாயினர்.

எண்ணெய்க்கு முன்னும் பின்னும்

வளைகுடா நகரங்கள் என்றாலே வானளாவிய கட்டிடங்கள் நம் நினைவுக்கு வருகின்றன. நூறாண்டுகளுக்கு முன் அவை முத்துக் குளிக்கும் சிற்றூர்களாகவும் சிறு துறைமுகங்களாகவுமே இருந்தன. 1930களில் ஜப்பானின் செயற்கை வளர்ப்பு முத்துக்கள் சந்தைக்கு வந்ததும் அத்தொழில் வீழ்ந்தது. குவைத் மக்கள் ஷத்துல் அரபு ஆற்றிலிருந்து பாய்மரக் கலங்களில் கொண்டுவந்த நீரை விலைக்கு வாங்கிக் குடித்த காலம் அது. 1960களின் நடுப்பகுதி வரை வளைகுடாவின் பல பகுதிகளில் நம் இந்திய ரூபாயே செலாவணியாக இருந்தது. அப்பகுதிக்கென்றே 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி தனி ரூபாய்த் தாள்களை வெளியிட்டது என்பதை இன்றைய இளைஞர்கள் நம்ப மாட்டார்கள்.

துபையின் பழைய பகுதியில் பஸ்தகிய்யா என்றொரு தெரு உள்ளது. ஈரானின் பஸ்தக் பகுதியிலிருந்து, அங்கு நிலவிய வரிச்சுமையால் வெளியேறிய வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்குக் குடியேறினர். துபையின் ஆட்சியாளர் வணிகத்திற்கு அளித்த சலுகைகளே அவர்களை ஈர்த்தன. மின்விசிறியும் இல்லாத அந்நாளில், வீட்டின் மேல் காற்றுக் கோபுரம் எழுப்பி, எத்திசைக் காற்றையும் கீழே இறக்கி வெப்பத்தைத் தணித்துக்கொண்டனர். அக்கோபுரங்களை இன்றும் காணலாம். வரியும் வணிகமும் கணக்கிட்டு வந்தவர்கள் வெப்பத்தையும் கணக்கிட்டனர்.

பஹ்ரைனில் 1932இலும், சவூதியிலும் குவைத்திலும் 1938இலும், அபூதபியில் 1958இலும், துபையில் 1966இலும் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1971இல் ஐக்கிய அரபு அமீரகம் உருவானது. 1973இல் எண்ணெய் விலை பலமடங்கு உயர்ந்ததும் அந்நாடுகளில் சாலை, துறைமுகம், மருத்துவமனை என அனைத்தையும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கினர். அதற்கு வேண்டிய கைகள் அங்கில்லை. கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் பம்பாய் வழியாக ஆட்கள் சென்றனர். 2015இல் நடத்தப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, தமிழகத்திலிருந்து வெளிநாடுகளில் வாழ்வோர் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. சிங்கப்பூருக்கு அடுத்து அமீரகமும் சவூதியும் முன்னணியில் இருந்தன.

நம் பிள்ளைப் பருவத்தில் வெளிநாட்டுக் கடிதம் வந்தால் தெருவே கூடும். எழுத வாசிக்கத் தெரியாத தாய்மார்கள் கடிதத்தைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்து ஓதித் தரச் சொல்வார்கள். சிலர் ஒலிநாடாவில் பேசி அனுப்புவார்கள். டேப் ரெக்கார்டரைச் சுற்றிக் குடும்பமே அமர்ந்திருக்க, அதிலிருந்து வரும் குரலைப் பார்த்து, "அத்தா உள்ளேயா இருக்கிறார்?" என்று ஒரு சிறுவன் கேட்டதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். பெருநாளுக்கு வந்த அந்த அத்தாவிடம் ஒட்டாமல் அதே சிறுவன் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டான். அவன் இன்று குடும்பத் தலைவன். அவனும் வளைகுடாவில்தான் இருக்கிறான். இக்கட்டுரையின் தொடக்கத்தில் நம்மிடம் வந்து கேட்டவர் அவரே. பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்ல அவர் ஏன் இவ்வளவு துடிக்கிறார் என்பது இப்போது வாசகர்களுக்கு விளங்கும்.

வெயிலின் கணக்கு

நம் பகுதியிலும் சித்திரை, வைகாசி வெயில் கடுமைதான். ஆயினும் ஆனி பிறந்தால் குமுளி மலையிலிருந்து காற்று இறங்கிவிடும். வளைகுடாவிலோ வெயில் ஏறுவதே அப்போதுதான். குவைத்தின் மித்ரிபா என்னும் இடத்தில் 2016 சூலை 21ஆம் நாள் பதிவான 53.9 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை உலக வானிலை அமைப்பு முறைப்படி ஏற்றுள்ளது. ஆசியக் கண்டத்தின் மிக உயர்ந்த அளவாக அது பதிவாயிற்று. துபை, தோஹா போன்ற கடலோர நகரங்களில் அதனினும் குறைந்த வெப்பமே இருப்பினும், கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை உலர்வதில்லை. உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும் வழி வியர்வை உலர்வதே. ஆகவே ஈரமும் வெப்பமும் சேரும் நாட்களே மிகுந்த ஆபத்தானவை. போதிய நீர் அருந்தாமல் வெயிலில் உழைப்போருக்குச் சிறுநீரகக் கல்லும் சிறுநீரகப் பழுதும் வருவதை மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்து வருகின்றனர்.

இதனாலேயே அந்நாட்டு அரசுகள் கோடையில் நண்பகல் வேலையைத் தடைசெய்துள்ளன. அமீரகத்தில் சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரையிலும், குவைத்தில் சூன் முதல் ஆகஸ்டு வரை காலை 11 முதல் மாலை 4 மணி வரையிலும் திறந்தவெளி வேலை கூடாது. கத்தாரில் 2021 முதல் இத்தடை காலை 10 மணிக்கே தொடங்கி 3.30 வரை நீடிக்கிறது. அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரிவோரை இது வாட்டாது. கட்டுமானத்திலும் சாலையிலும் பொருள் விநியோகத்திலும் இருப்போரே இதைத் தாங்குகின்றனர். 'பாலைவன நகரம்' என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதை நாம் உணர வேண்டும். குளிர்சாதன அறையிலிருந்து குளிர்சாதன வண்டிக்குச் செல்பவரின் நகரம் வேறு. சாரத்தின் மேல் நிற்பவரின் நகரம் வேறு.

குடும்பத்தோடு செல்வோருக்கு இன்னொன்றும் உண்டு. ஆண்டில் நான்கைந்து மாதங்கள் பிள்ளைகள் பகலில் வெளியே விளையாட இயலாது. முற்றமும் திண்ணையும் தெருவுமாக வளர்ந்த நம் பெண்கள், அடுக்குமாடியின் ஓர் அறையில் கணவர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

தங்கும் உரிமையும் திரும்பும் நாளும்

ஜுர்ஹும் குலத்தாரின் நிபந்தனையை இப்போது நினைவுகூர்வோம். வளைகுடா நாடுகளில் இகாமா என்பது வேலையோடு கட்டப்பட்ட அனுமதி. வேலை போனால் அனுமதியும் போகும். குடும்பத்தின் அனுமதியும் உடன் போகும். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் குடியுரிமை கிடைப்பதில்லை. அமீரகம் 2019 முதல் நீண்டகால கோல்டன் விசா வழங்குகிறது. அது முதலீட்டாளர்களுக்கும் உயர் தகுதியுடையோருக்கும் உரியது. இதை அநீதி என்று நாம் சொல்ல வரவில்லை. அது அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். நிபந்தனையை ஒப்புக்கொண்டு செல்கிறோம் என்பதை மறந்துவிடுவதே நம் தவறு.

மறந்தவர்களுக்கு வரலாறு பலமுறை நினைவூட்டியுள்ளது. 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் இராக் படை குவைத்தில் நுழைந்தது. குவைத் தினார் மதிப்பிழந்தது. 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் பாலைவனம் கடந்து ஜோர்தானின் அம்மான் நகரை அடைந்து, அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்களில் சுமார் இரண்டு மாதங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். உலக வரலாற்றில் அவ்வளவு பெரிய பயணியர் மீட்பு அரிது. பின்னாளில் ஐக்கிய நாடுகள் அவையின் இழப்பீட்டு ஆணையம் விண்ணப்பித்தோருக்கு இழப்பீடு வழங்கியது. தங்கியிருந்ததற்கும் இழந்ததற்கும் காகிதச் சான்று வைத்திருந்தவர்களுக்கே அது எளிதாயிற்று.

சவூதி அரசு 2011இல் நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தனியார் நிறுவனங்கள் சவூதி குடிமக்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் வேலைக்கு அமர்த்த வேண்டும் என்பதே அது. ஒரு கஃபீலின் பெயரில் விசா பெற்று வேறிடத்தில் வேலை செய்துவந்த 'ஃப்ரீ விசா'க்காரர்கள் 2013இல் பெருந்துன்பத்திற்கு உள்ளாகிப் பல்லாயிரக்கணக்கில் திரும்பினர். 2017 சூலையில், உடன் தங்கியுள்ள குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் 100 ரியால் கூடி 2020இல் அது 400 ரியாலாயிற்று. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒருவர் அக்கட்டணத்திற்கு மட்டுமே மாதம் 1,600 ரியால் செலுத்த வேண்டும். அந்த ஆண்டுகளில் பலர் பள்ளி ஆண்டின் நடுவிலேயே குடும்பத்தை ஊருக்கு அனுப்பினர். 2020இல் கொரோனா வந்தது. மே 7ஆம் நாள் தொடங்கிய வந்தே பாரத் விமானங்களுக்காக, வேலையும் இழந்து வாடகையும் கொடுக்க இயலாமல் காத்திருந்தோரின் துயரை நம்மில் பலர் தொலைபேசியில் கேட்டோம். 2024 சூன் 12இல் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் பற்றிய தீயில் 40க்கும் மேற்பட்ட இந்தியர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் தமிழர்களும் இருந்தனர்.

ரங்கூன், குவைத், ரியாத் என ஊர்கள் மாறினும் பாடம் ஒன்றே. அயல்நாட்டுக் கிணறு தாகம் தீர்க்கும். அதில் உரிமை தராது. திரும்பும் நாள் எல்லோருக்கும் உண்டு. அந்நாளைத் தாமே குறித்துக்கொண்டவர் மதிப்போடு திரும்புகிறார். குறிக்காதவரைப் பிறர் குறித்த நாளில் அனுப்பிவிடுகிறார்கள்.

எனில், செல்லலாமா?

செல்லக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நம் ஊர்களின் எத்தனையோ ஓட்டு வீடுகள் மாடி வீடுகளானதும், எத்தனையோ குமருகள் கரையேறியதும், 1956இல் உத்தமபாளையத்தில் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி போன்ற நிறுவனங்களில் ஏழைப் பிள்ளைகள் கட்டணம் கட்டிப் படித்ததும் வெளிநாட்டு உழைப்பால்தான். பள்ளிவாசல்களின் விரிவாக்கத்திலும் அவ்வுழைப்பு கலந்துள்ளது. பிரிந்து வாழ்வதைவிடக் குடும்பத்தோடு வாழ்வதே சிறந்தது என்பதிலும் நமக்கு ஐயமில்லை. உமர் (ரலி) அவர்கள் விதித்த வரம்பு அதைத்தான் சொல்கிறது. ஆயினும் முடிவெடுக்கும் முன் நான்கு வினாக்களுக்கு விடை காண வேண்டும்.

முதலாவது, தண்ணீர் உண்டா? அதாவது, வருவாய் குடும்பத்தைத் தாங்குமா? அமீரகம் 2019இல் குடும்பத்தை அழைக்க மாதம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹம் ஊதியம் வேண்டும் என்று நிர்ணயித்தது. அது அனுமதிக்கான அளவே, வாழ்வதற்கான அளவன்று. வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கொருமுறை விமானச் சீட்டு ஆகியவற்றைக் கழித்தபின் ஊரில் உள்ள பெற்றோருக்கு அனுப்ப எஞ்சுமா என்று எழுதிப் பார்க்க வேண்டும். விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுவதால், புறப்படும் மாதத்தில் உள்ள நிலையைக் கேட்டறிவது அவசியம்.

இரண்டாவது, நிபந்தனை என்ன? வேலை ஒப்பந்தத்தை வாசித்துப் பொருள் அறியாமல் கையெழுத்திடலாகாது. இந்திய அரசிடம் பதிவுபெற்ற முகவர்தானா என்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதோர் குடிபெயர்வு அனுமதி பெற்றே செல்லும் முறை 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏற்பட்டது. அவர்களுக்கென உள்ள பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுத் திட்டம் விபத்தினால் நேரும் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்திற்கும் 10 லட்சம் ரூபாய் வரை அளிக்கிறது. சில நூறு ரூபாய்ச் சந்தாவை மிச்சப்படுத்த எண்ணிச் சுற்றுலா விசாவில் வேலைக்குச் செல்வோருக்கு அது கிடைப்பதில்லை.

மூன்றாவது, வீட்டார் என்ன சொல்கிறார்கள்? ஜுர்ஹும் குலத்தார் அனுமதி கேட்டது ஒரு பெண்ணிடம். நம் வீடுகளிலோ பெட்டி கட்டிய பிறகுதான் மனைவிக்குச் செய்தி தெரிகிறது. அந்த அறையில் பகல் முழுதும் இருக்கப்போவது அவர்தான். வயோதிகப் பெற்றோரை இங்கே யார் பார்ப்பது என்பதும் அவருடன் அமர்ந்து பேச வேண்டியதே.

நான்காவது, திரும்பும் நாள் எது? பெரிய பிள்ளை எட்டாம் வகுப்பை முடிக்கும் ஆண்டு, கடன் தீரும் ஆண்டு என ஏதேனும் ஒன்றைக் குறித்து எழுதி வைக்க வேண்டும். அதுவரை ஊரில் உள்ள வீட்டையும் காணியையும் விற்கலாகாது. பென்னிகுயிக் கொண்டுவந்த நீர் பாயும் ஒரு குழி நிலமேயாயினும், நமக்கு உரிமையுள்ள கிணறு அதுதான்.

ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஜமாஅத்தில் திருமணப் பதிவேடு உள்ளது. மையித்துப் பதிவேடு உள்ளது. வெளிநாடு செல்வோருக்கும் ஒரு பதிவேடு தொடங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். செல்பவரின் கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் ஒன்று வீட்டிலும் ஒன்று ஜமாஅத்திலும் இருக்கட்டும். ஆபத்துக் காலத்தில் ஒருவர் எங்கிருக்கிறார், யாரிடம் வேலை செய்கிறார் என்பதே தெரியாமல் குடும்பத்தார் அலைந்ததை நாம் கண்டிருக்கிறோம். பல்லாண்டு உழைத்துத் திரும்பிய மூத்தவர்கள் நம்மிடையே உள்ளனர். புறப்படும் இளைஞருடன் அவர்கள் ஒரு மாலைப் பொழுது அமர்ந்து, ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டினால் அதுவே பெரும் தர்மமாகும்.

நம்மிடம் கேட்ட இளைஞருக்கு இந்நான்கு வினாக்களையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். பத்து நாட்கள் கழித்து, தம் அத்தாவையும் உடன் அழைத்துக்கொண்டு வந்தார். காணியை விற்பதில்லை என்று முடிவாயிற்று. இவ்வாண்டு அவர் மட்டும் செல்கிறார். வரும் கல்வியாண்டில், ஊதியம் உயர்ந்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்வது, பெரிய பிள்ளை உயர்நிலை வகுப்புக்கு வரும்போது ஊர் திரும்புவது என்று அவர்தம் வீட்டார் கூடிப் பேசியிருக்கின்றனர். தாளின் அடியில் ஆண்டை எழுதி மூவரும் கையெழுத்திட்டிருந்தனர். மூன்றாவது கையெழுத்து அவர் மனைவியுடையது.

செல்வோரின் பயணத்தையும் இருப்போரின் காத்திருப்பையும் வல்ல இறைவன் நலமாக்கி வைப்பானாக! ஆமீன்.